வாங்கியவருக்கு நன்றி சொல்வதும் அடுத்த விற்பனைக்கு அழைப்பதும் ஒரே செய்தியில் இருக்கலாமா?

பாத்திரக்கடைக்காரர், கும்பகோணம்

கும்பகோணத்தில் மூன்று தலைமுறையாகப் பித்தளை, வெண்கலம், எவர்சில்வர் பாத்திரக் கடை நடத்திவரும் குடும்பம் எங்களுடையது. எங்கள் வியாபாரத்தில் பெரும்பங்கு கல்யாணச் சீர்வரிசைதான். ஒரு வீட்டார் பெண்ணுக்குச் சீர் எடுத்துவிட்டுப் போனால், அதே வீட்டார் அதே அளவில் மறுபடி வாங்கப் பல ஆண்டுகள் ஆகும். ஆனால் அந்தக் கல்யாணத்தில் பாத்திரங்களைப் பார்த்த சம்பந்தி வீட்டாரும் பங்காளிகளும் "எங்கே எடுத்தீர்கள்?" என்று கேட்டுக்கொண்டு வருவார்களே, அந்த வரவுதான் கடையை நடத்துகிறது. ஆகவே, வாங்கிச் சென்றவர் எங்களை நல்லபடியாக நினைத்திருப்பது எந்த விளம்பரத்தைவிடவும் எங்களுக்கு முக்கியம்.

அப்பா காலத்திலிருந்து ஆண்டுதோறும் சிவகாசியில் அச்சடித்த தினசரி நாட்காட்டி, ஆயுத பூஜைக்கு வருவோருக்குப் பொரியும் சுண்டலும், சீர் எடுப்போருக்குச் சிறிய காமாட்சி விளக்கு என்று கொடுத்துவருகிறோம். இந்த ஆண்டு என் மகன் இவற்றைக் குறைத்துவிட்டு, இதுவரை வாங்கிய எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் ஒரு நன்றிச் செய்தி அனுப்பி, அதன் அடியிலேயே அடுத்த முறை வாங்கும்போது பத்து சதவீதத் தள்ளுபடி என்றும் சேர்த்துவிடலாம் என்கிறான். செலவும் குறையும், பலனும் உடனே தெரியும் என்பது அவன் வாதம். மறுக்க எனக்குக் காரணம் கிடைக்கவில்லை, ஆனால் மனம் ஒப்பவும் இல்லை. அனுபவமோ ஆதாரமோ உள்ளவர்கள் சொன்னால் இருவருமே கேட்டுக்கொள்வோம்.

வணிகவியல் ஆசிரியர், கோவை

ஐயா, உங்கள் வீட்டில் நடக்கும் இதே வாதத்தை ஏறக்குறைய அப்படியே சோதித்துப் பார்த்த ஆய்வு ஒன்று 1976இல் அமெரிக்காவின் சந்தையியல் ஆய்விதழ் ஒன்றில் வெளிவந்தது. டெக்சாஸ் மாநிலத்தில் ஒரு நகைக்கடையின் வாடிக்கையாளர்களை மூன்று பிரிவாக்கினார்கள். முதல் பிரிவினரைத் தொலைபேசியில் அழைத்து, எங்களிடம் வாங்கியதற்கு நன்றி என்று மட்டும் சொன்னார்கள். இரண்டாம் பிரிவினருக்கு நன்றியும் சொல்லி, கடையில் தள்ளுபடி விற்பனை நடக்கவிருப்பதையும் தெரிவித்தார்கள். மூன்றாம் பிரிவினரை அழைக்கவே இல்லை. நன்றி மட்டும் கேட்டவர்களின் கொள்முதல் 70 சதவீதம் உயர்ந்தது. நன்றியோடு தள்ளுபடிச் செய்தியையும் கேட்டவர்களுடையது 30 சதவீதம்தான் உயர்ந்தது. அழைப்பே வராதவர்களிடம் மாற்றம் இல்லை.

தள்ளுபடி என்பது வாங்குபவருக்கு உண்மையாகவே ஆதாயமான செய்தி. அதைச் சேர்த்தால் பலன் கூடியிருக்க வேண்டும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள், ஆனால் பாதிக்கும் கீழே போய்விட்டது. காரணம் என்னவென்று நான் நினைக்கிறேன் என்றால், நன்றியைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது மனிதர் தம்மை மதிக்கப்பட்டவராக உணர்கிறார், அதே மூச்சில் விற்பனை பற்றிய பேச்சு வந்ததும் முன்னால் சொன்ன நன்றி அதற்கான பீடிகையாகத் தெரிந்துவிடுகிறது. நாம் எத்தனை உண்மையாகச் சொல்லியிருந்தாலும் கேட்பவர் அதைப் பிரித்துப் பார்க்க வழியில்லை. உங்கள் மனம் ஒப்பாததற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். 2002இல் வெளியான ஓர் ஆய்வில், உணவகத்தில் பில்லோடு சாக்லேட் மிட்டாய் கொடுத்தால் பரிமாறுபவருக்குக் கிடைக்கும் டிப்ஸ் எப்படி மாறுகிறது என்று பார்த்தார்கள். மிட்டாயே கொடுக்காதபோது பில் தொகையில் ஏறத்தாழ 19 சதவீதம் கிடைத்தது. ஆளுக்கு இரண்டு மிட்டாய் கொடுத்தபோது 21 சதவீதத்தைத் தாண்டியது. முதலில் ஒன்று கொடுத்துவிட்டு, நகரப் போனவர் திரும்பி வந்து மனத்திலிருந்து கொடுப்பதுபோல் இன்னொன்று கொடுத்தபோது 23 சதவீதம் வந்தது. கடைசி இரண்டிலும் செலவு ஒன்றுதான், கொடுத்த விதம் மட்டுமே வேறு. அந்தத் திரும்பி வருதல் ஆய்வுக்காகச் சொல்லிக்கொடுத்த நடிப்பு என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். அதையே தொழில்முறையாக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன்.

கணக்குத் தணிக்கையாளர், சென்னை

ஆசிரியர் ஐயா சொன்ன முதல் ஆய்வு ஒரே ஒரு கடையில், ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது. அதை வைத்து ஒரு கடையின் செலவைத் தீர்மானிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அண்மையில் அமெரிக்காவில் பொதுத் தொலைக்காட்சி நிலையங்களுக்கும் ஒரு தொண்டு நிறுவனத்துக்கும் நன்கொடை கொடுத்த ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து, ஆண்டுக்கணக்கில் நடத்திய கள ஆய்வு வெளியானது. ஒரு பிரிவினரை அழைத்து நன்றி சொன்னார்கள், மற்றவர்களை அழைக்கவில்லை. மறுபடி கொடுத்தவர்களின் எண்ணிக்கையிலும் சரி, கொடுத்த தொகையிலும் சரி, குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் இல்லை. நன்றி சொல்வது நல்ல பண்பு என்பதில் எனக்கு ஐயமில்லை. அது வருமானத்தைத் தரும் என்று கணக்கில் எழுதிக்கொள்வதில்தான் ஐயம்.

வணிகவியல் ஆசிரியர், கோவை

தணிக்கையாளர் நண்பர் குறிப்பிட்ட ஆய்வை நானும் அறிவேன். அதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் அந்த நன்கொடையாளர்களில் பெரும்பாலோருக்கு அழைத்தவர் யாரென்றே தெரியாது. அழைத்தவருக்கும் இவர் கொடுத்தார் என்பதைத் தவிர வேறெதுவும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. லட்சக்கணக்கானோரிடம் ஒரே வாசகம் போய்ச் சேரும்போது அது நன்றியாகவா, அறிவிப்பாகவா விழுகிறது? கும்பகோணத்துக் கடையில் நிலைமை வேறு. பெண்ணுக்குச் சீர் எடுக்க வந்த அம்மாவோடு அரை நாள் உட்கார்ந்து, குடம், அண்டா, தவலை, பருப்பு உருளி என்று ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டியவரே சொல்லும் நன்றி அது. இரண்டு ஆய்வையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், மகன் யோசித்திருக்கும் வாட்ஸ்அப் செய்தி இரண்டிலும் உள்ள குறையைத் தாங்கி நிற்கிறது: எல்லோருக்கும் ஒரே வாசகம், அடியில் விற்பனை.

ஜவுளிக்கடைப் பணியாளர், திருச்சி

எல்லோரும் வாங்குபவரைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். விற்பவரின் பக்கத்திலிருந்து சொல்ல அனுமதியுங்கள். பட்டுப்புடவைப் பிரிவில் பல ஆண்டுகளாக வேலை செய்கிறேன். முகூர்த்த நாள்கள் நெருங்கும் காலத்தில் காலை முதல் இரவு வரை நின்றுகொண்டே புடவையைப் பிரிப்பதும் மடிப்பதுமாக இருப்போம். கடைப் பணியாளர்களுக்கு உட்காரும் இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல்தான் சட்டத் திருத்தம் வந்தது. அதற்கு முன்பே எந்த முதலாளியும் எங்களுக்கு ஒரு நாற்காலி போட்டிருக்கலாம். அது போடப்பட்ட கடைகளில் பணியாளர்கள் எளிதில் விலகுவதில்லை என்பதை நான் பார்த்திருக்கிறேன்.

முன்பு வேலை செய்த ஓரிடத்தில் மாதந்தோறும் ஒருவரின் படத்தை மாட்டி, சிறந்த பணியாளர் என்று எழுதுவார்கள். அதே இடத்தில் ஐந்து நிமிடத் தாமதத்துக்கு அரை நாள் சம்பளம் பிடிப்பார்கள். அந்தப் படத்தை எங்களில் யாரும் வீட்டில் சொல்லி மகிழ்ந்ததில்லை. தீபாவளி போனஸும் அப்படித்தான். சட்டப்படியே குறைந்தது 8.33 சதவீதம் என்பது தகுதியுள்ள தொழிலாளியின் உரிமை. அதைத் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்தாலும் அது கொடுக்கவேண்டியதைக் கொடுத்ததுதான், பாராட்டு ஆகாது.

பாராட்டு என்று என் நினைவில் நிற்பது வேறு. இப்போதைய முதலாளி ஒருநாள் வாடிக்கையாளர் ஒருவரிடம் என் எதிரிலேயே, "இவங்க நிறம் பார்த்து எடுத்துக் கொடுத்தா யாரும் மாத்த வரமாட்டாங்க, நீங்க இவங்க சொல்றதைக் கேளுங்க" என்றார். அதில் அவருக்குச் செலவு எதுவும் இல்லை. ஆனால் நான் எதைச் செய்கிறேன் என்பதை அவர் கவனித்திருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது, அதுவும் பிறர் முன்னிலையில் தெரிந்தது. அன்றிலிருந்து அந்தப் பேச்சு பொய்யாகிவிடக் கூடாது என்றே ஒவ்வொரு புடவையையும் வெளிச்சத்துக்கு எடுத்துப்போய்ப் பார்த்துக் காட்டுகிறேன்.

உதிரிபாக ஆலை மேலாளர், அம்பத்தூர்

சகோதரி சொன்னதைப் பெரிய நிறுவனங்களிலும் சிலர் உணர்ந்து செய்திருக்கிறார்கள். 2001 முதல் 2011 வரை கேம்ப்பெல் சூப் நிறுவனத்தின் தலைமைச் செயல் அலுவலராக இருந்த டக்ளஸ் கோனன்ட், ஊழியர்களுக்குத் தம் கையாலேயே நாளொன்றுக்குப் பத்து, இருபது குறிப்புகள் எழுதி, மொத்தம் ஏறத்தாழ 30,000 எழுதியதாகச் சொல்வார்கள். அவர் பொறுப்பேற்றபோது அந்த நிறுவனம் தள்ளாடிக்கொண்டிருந்தது. மீண்டதற்குப் பல காரணங்கள் உண்டு, குறிப்புகளால் மட்டுமே மீண்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் 2009இல் அவர் சாலை விபத்தில் படுகாயமடைந்து கிடந்தபோது, உலகெங்கும் இருந்த ஊழியர்களிடமிருந்து அவருக்குக் கடிதங்கள் வந்து குவிந்தன. அதை எந்தச் சம்பளக் கொள்கையாலும் வரவழைத்திருக்க முடியாது.

சென்னையில் பிறந்த இந்திரா நூயி பெப்சிகோவின் தலைமைப் பொறுப்பை 2006இல் ஏற்ற பிறகு ஊருக்கு வந்தபோது, வீட்டுக்கு வந்த உறவினரும் தெரிந்தவர்களும் அவரைவிட அவருடைய அம்மாவைத்தான் பாராட்டினார்களாம், இப்படி ஒரு பெண்ணை வளர்த்திருக்கிறீர்களே என்று. அதைப் பார்த்துவிட்டுத்தான் அவர் தம்கீழ் உள்ள உயர் அலுவலர்களின் பெற்றோருக்குக் கடிதம் எழுதத் தொடங்கினார்: உங்கள் பிள்ளை எங்கள் நிறுவனத்துக்கு இன்னின்னது செய்கிறார், இப்படி ஒருவரை எங்களுக்குத் தந்ததற்கு நன்றி என்று. நம் வீடுகளில் பிள்ளையைப் பாராட்டுவதென்றால் பெற்றவரிடம் சொல்வதுதான் வழக்கம். அந்த வழக்கத்தை அவர் அமெரிக்க அலுவலகத்துக்குக் கொண்டுபோய் வைத்தார் என்பதே எனக்கு இதில் பிடித்தது.

எங்கள் ஆலையில் இதை ஓரளவு பின்பற்றுகிறோம். தொழிற்பழகுநராகச் சேரும் ஐ.டி.ஐ. பிள்ளைகளின் வீட்டுக்கு, பயிற்சி முடியும்போது இரண்டு பத்தியில் ஒரு கடிதம் போகிறது. எந்த இயந்திரத்தில் வேலை பழகினான், எதில் தேறினான் என்று அவனுக்குப் பயிற்சி கொடுத்தவரே சொல்லி எழுதவைக்கிறோம். பொதுவான புகழ்ச்சி கூடாது என்பது எங்கள் ஒரே விதி.

ஓய்வுபெற்ற செவிலியர், நாகர்கோவில்

நான் வியாபாரம் அறியேன். அரசு மருத்துவமனைகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். குணமாகி வீட்டுக்குப் போகிறவர்கள் டாக்டருக்குச் சால்வை போர்த்துவார்கள், எல்லா வார்டுக்கும் லட்டு வாங்கித் தருவார்கள். அதெல்லாம் மகிழ்ச்சிதான். ஆனால் இரவுப் பணியில் இருந்தவர், படுக்கை விரிப்பை மாற்றியவர், தள்ளுவண்டி தள்ளியவர் ஆகியோரைத் தேடிப்போய், "அன்னைக்கு ராத்திரி நீங்க பக்கத்துல இருந்தது எனக்குத் தைரியமா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் குறைவு. சொன்னவர்களை நாங்கள் மறந்ததே இல்லை.

ஏன் பலரும் சொல்லாமல் போகிறார்கள் என்று யோசித்ததுண்டு. நன்றி இல்லாமையால் அல்ல, கூச்சத்தால் என்றே தோன்றுகிறது. 2018இல் குமார், எப்லி என்ற இரு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வைப் பற்றி என் பேத்தி படித்துச் சொன்னாள். தமக்கு உதவியவருக்கு நன்றிக் கடிதம் எழுதச் சொல்லி, அது பெறுபவருக்கு எப்படி இருக்கும் என்று எழுதியவரிடம் கேட்டார்கள், பிறகு பெற்றவரிடமும் கேட்டார்கள். பெற்றவர் சங்கடப்படுவார் என்று எழுதியவர்கள் மிகையாக அஞ்சியிருந்தார்கள். அவர் அடையப்போகும் வியப்பையும் மகிழ்ச்சியையும் குறைத்தே மதிப்பிட்டிருந்தார்கள். வார்த்தை சரியாக வருமா என்று எழுதியவர் கவலைப்பட்டாராம், பெற்றவரோ அதிலிருந்த அன்பைத்தான் பார்த்தாராம்.

வீட்டுக்குள் இது இன்னும் கடினம். கணவனும் மனைவியும், அண்ணனும் தம்பியும் முகத்துக்கு நேரே நன்றி சொல்லிக்கொண்டால் நமக்கு அந்நியமாகத் தோன்றுகிறது. அதனால் சொல்லாமலே விட்டுவிட வேண்டும் என்பதில்லை. என் மாமியார் என்னிடம் ஒருநாளும் புகழ்ந்து பேசியதில்லை. ஆனால் நான் பக்கத்து அறையில் இருக்கும்போது நாத்தனாரிடம், "அவ வந்த பிறகுதான் இந்த வீட்டுல மருந்து வேளாவேளைக்குக் கிடைக்குது" என்பார்கள். எனக்குக் கேட்கட்டும் என்றுதான் குரலைக் குறைக்காமல் சொன்னார்கள் என்று நம்புகிறேன். ஜவுளிக்கடைப் பிள்ளை சொன்னதும் இதுவே அல்லவா?

பட்டறைக்காரர் மகன், நாச்சியார்கோயில்

பாத்திரக்கடை அண்ணாச்சிக்கு வணக்கம். உங்கள் ஊருக்குப் பக்கத்திலிருந்துதான் எழுதுகிறேன். எங்கள் பட்டறை குத்துவிளக்குகள் கும்பகோணத்துக் கடைகளுக்கும் போகின்றன. சரக்கு செய்து தருபவரைப் பற்றி இந்த இழையில் இன்னும் யாரும் பேசவில்லை என்பதால் எழுதத் துணிந்தேன்.

விளக்கின் அடி, தண்டு, தட்டு, உச்சியில் அன்னம் என்று தனித்தனியாகக் காவிரி வண்டல் மண்ணில் வார்ப்பெடுத்து, கடைசலில் இட்டு, மரை போட்டுச் சேர்க்கிறோம். கடைக்குப் போன பிறகு அந்த விளக்கு யார் வீட்டுக்குப் போனது, அவர்களுக்குப் பிடித்ததா என்று எங்களுக்குத் தெரியவே தெரியாது. ஓரடி கூடுதலாகச் செய்து தரச்சொல்லும் செய்தி வரும், மெருகு குறைவு என்ற புகார் வரும், நன்றாக இருந்தது என்ற செய்தி மட்டும் எங்கள் தெருவரை வந்து சேர்வதில்லை. ஒரு கடைக்காரர் மட்டும் கல்யாண வீட்டில் எங்கள் விளக்கு எரியும் படத்தைக் கைப்பேசியில் அப்பாவுக்கு அனுப்பினார். அப்பா அதைப் பட்டறையில் எல்லோருக்கும் காட்டினார். அந்தக் கடையின் சரக்கு எங்கள் பட்டறையில் ஒருபோதும் பின்னுக்குத் தள்ளப்படுவதில்லை. இதைத் தொழில் பலன் என்று தணிக்கையாளர் ஐயா கணக்கில் எழுதுவாரா என்று தெரியவில்லை, ஆனால் தை மாதத்து முகூர்த்தங்களுக்குச் சரக்கு நேரத்தில் கிடைப்பது என்ன மதிப்புள்ளது என்று கடைக்காரர்களுக்குத் தெரியும்.

கூடவே ஒன்று. நிலுவையை நாள் தள்ளாமல் கொடுப்பதற்கு ஈடான மரியாதை எங்களுக்கு வேறில்லை. பதிவுபெற்ற சிறு தொழில் செய்வோருக்கு 45 நாள்களுக்குள் பணம் தரவேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அது இருக்க, படம் மட்டும் அனுப்பிவிட்டுப் பணத்தை இழுத்தடித்தால் அந்தப் படத்தைப் பார்க்கவே மனம் வராது.

கணக்குத் தணிக்கையாளர், சென்னை

தம்பி, நிச்சயமாக எழுதலாம். ஆனால் வருமானப் பக்கத்தில் அல்ல, தவிர்க்கப்பட்ட இழப்பு என்றே நான் எழுதுவேன். நான் முன்பு கேட்டது வாடிக்கையாளரின் மறு கொள்முதல் பற்றி மட்டும்தான் என்பதையும், பணியாளர் நிலைப்பதும் சரக்கு நேரத்தில் வருவதும் அந்தக் கணக்கில் விழாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் ஓர் எச்சரிக்கை. டெட்ராய்ட் பகுதியில் செவ்ரோலே கார்கள் விற்ற ஜோ ஜிரார்டு, 1963 முதல் பதினைந்து ஆண்டுகளில் 13,001 கார்களை ஒவ்வொன்றாக விற்றுக் கின்னஸில் இடம்பெற்றவர். வாங்கியவர்களுக்கு மாதந்தோறும் வாழ்த்து அட்டை அனுப்புவார். அதைக் கேட்டுவிட்டு அட்டை அச்சடிக்க ஓடியவர்கள் பலர். விற்ற காரில் பழுது என்று வந்தவரைப் பணிமனையில் காத்திருக்க விடாமல் உடனே கவனிக்கச் செய்ததும் அவரே. அதைப் பின்பற்றியவர்கள் சிலர்தான்.

பாத்திரக்கடைக்காரர், கும்பகோணம்

எல்லோருக்கும் வணக்கம். மகனும் நானும் ஒவ்வொரு பதிவையும் சேர்ந்து படித்தோம். நகைக்கடை ஆய்வைப் படித்ததுமே தள்ளுபடி வரியை அவனே நீக்கிவிட்டான். தள்ளுபடி கொடுப்பதானால் ஆடி மாதத்தில் தனியாக, எல்லோருக்கும் பொதுவாக அறிவித்துக்கொள்ளலாம் என்பது அவன் யோசனை. நாட்காட்டி தொடரும், ஏனென்றால் அதை வந்து கேட்டு வாங்கிச் செல்லும் வயதானவர்கள் இருக்கிறார்கள்.

சீர் எடுத்தவர்களுக்கு, கல்யாணம் முடிந்து ஒரு மாதத்துக்குள் அஞ்சலட்டை எழுதுவதென்று முடிவு. எடுத்துக் காட்டிய பணியாளரே எழுதுவார், அவருக்கு எழுத வராவிட்டால் சொல்லச் சொல்லி மகன் எழுதுவான். மாதிரிக்கு ஒன்று எழுதிப் பார்த்தோம்:

"அம்மா, உங்கள் மகளின் சீருக்கு எங்களிடம் பாத்திரம் எடுத்தமைக்கு நன்றி. பாட்டி வீட்டு உருளியைப் போலவே வேண்டும் என்று நீங்கள் தேடித் தேடிப் பார்த்தது நினைவில் இருக்கிறது. அந்தக் குத்துவிளக்கைச் செய்தவர் நாச்சியார்கோயிலில் இருக்கிறார். உங்களுக்குப் பிடித்திருந்ததை அவரிடம் சொல்லிவிட்டோம். புதிதாகக் கடையப்பட்ட பித்தளையை முதல் சில வாரங்கள் புளி போட்டுத் தேய்த்து, ஈரமில்லாமல் துடைத்து வைக்கவும்."

பட்டறைத் தம்பிக்கு: நிலுவைப் புத்தகத்தை எடுத்து வைத்திருக்கிறேன், 45 நாளைத் தாண்டியவை இந்த வாரமே போய்ச் சேரும்.

ஜவுளிக்கடைப் பணியாளர், திருச்சி

அட்டை நன்றாக இருக்கிறது ஐயா. ஒரே ஒரு திருத்தம்: அடியில் கடையின் பெயருக்கு மேலே எழுதியவரின் பெயர் வரட்டும். அடுத்த முறை அந்தக் குடும்பம் வரும்போது அவரைப் பெயர் சொல்லிக் கேட்பார்கள்.

வணிகவியல் ஆசிரியர், கோவை

தணிக்கையாளர் நண்பரின் ஐயத்துக்கும் இடம் வைப்போம். மகன் விரும்பினால், சீர் எடுத்தவர்களின் பில் எண்ணில் ஒற்றைப்படையாக வருவோருக்கு மட்டும் முதல் ஆண்டு அட்டை அனுப்பிப் பார்க்கட்டும். புதிதாக வருபவரிடம் "யார் சொல்லி வந்தீர்கள்?" என்று கேட்டு, பில் புத்தகத்தில் ஒரு கட்டம் போட்டு எழுதிவைத்தால், ஆண்டு முடிவில் இரு பிரிவையும் ஒப்பிடலாம்.

பாத்திரக்கடைக்காரர், கும்பகோணம்

கட்டம் போடுகிறோம் ஐயா, அந்தக் கேள்வியை நாங்கள் எப்போதும் வாய்மொழியாகக் கேட்பதுதான். ஆனால் இரட்டைப்படை பில்லுக்கு அட்டை வேண்டாம் என்று விட எங்கள் பணியாளர்கள் ஒப்பமாட்டார்கள். மாதிரி அட்டையை மேசையில் வைத்த மறுநாளே இருவர் தாங்கள் எடுத்துக் காட்டிய குடும்பங்களின் முகவரியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். சென்ற ஆண்டின் வரவையும் அடுத்த ஆண்டின் வரவையும் ஒப்பிட்டு, கிடைக்கும் எண்ணிக்கையை, அது எப்படி இருந்தாலும், இங்கேயே பதிகிறேன்.